அது நம்முளுது இல்லீங்க

அந்த விதைய ஜன்னலுக்கு வெளிய துப்பாதீங்க. கோவிச்சுக்காதீங்க, முன்னப்பின்னத் தெரியாதவன் என்னடா இப்படிச் சொல்றானேன்னு நினைக்காதீங்க. இந்தாங்க, இந்தக் கவர்ல துப்புங்க. புதுக் கவர்தான். அமுத்துனா மூடிக்கும், பாருங்க. சட்டைப் பையில எப்பவும் நாலஞ்சு கெடக்கும். தர்பூசணி நல்லாச் செவந்திருக்குதுங்களே, பல்லடத்துல வாங்குனதா? பஸ்ஸு நின்ன நேரத்துக்கு என்னால ஒரு தண்ணி பாட்டல்கூட வாங்க முடியல. சாப்புடுங்க, சாப்புடுங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன், கண்டுக்காதீங்க.

முனிசிபாலிட்டிலயா வேலைன்னு கேக்கறீங்களா? எல்லாரும் மொதல்ல அப்படித்தான் கேப்பாங்க. இல்லீங்க. கோயமுத்தூருக்கு மேக்கால, மலையடிவாரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம். பேரு வேண்டாம், விடுங்க. அங்க மரபணு மாத்துன தக்காளி வளத்தறாங்க. வாடல் நோய் வராத தக்காளி. அதை உண்டாக்கறதுக்குப் பெரிய படிப்பு படிச்சவங்க இருக்கறாங்க. நான் உண்டாக்கறவன் இல்ல, அது வெளிய போகாமப் பாத்துக்கறவன். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கோணும். அவ்வளவுதான் என்ற வேலை.

ரெண்டு கதவுங்க. மொதக் கதவத் தொறந்தா ஒரு சின்ன ரூம்பு. அந்தக் கதவு சாத்தி, பூட்டு விழுந்த சத்தம் கேட்டாத்தான் ரெண்டாவது கதவு தொறக்கும். ரெண்டும் ஒண்ணாத் தொறக்கவே தொறக்காது. நடுவுல நின்னு கோட்டு மாத்தோணும், செருப்பு மாத்தோணும், தலைக்கு ஒரு தொப்பி. கீழ பிசின் தடவுன பாய், மிதிச்சா காலடித் தூசி அதுல ஒட்டிக்கும். அதத் தாண்டுனாத்தான் பசுமைக்குடில், செடியெல்லாம் அதுக்குள்ள. காத்துகூட வெளிய இருந்து உள்ள போகுமே தவிர, உள்ள இருந்து சும்மா வெளிய வராது. வேலை முடிஞ்சா கோட்ட அங்கயே கழட்டிப் போட்டுட்டு, குளிச்சு, ஊட்டுத் துணிய மாட்டிக்கிட்டு வரோணும். செத்த செடி, உதுந்த எலை, தொட்டி மண்ணு, எல்லாத்தையும் ரெட்டைப் பையில கட்டி ஆட்டோகிளேவ்ல போட்டுருவோம். பெரிய குக்கர்னு வெச்சுக்குங்களேன். அதுல வெந்து வந்தா எந்த விதையும் மொளைக்காது. நான் பொறுப்புக்கு வந்ததுல இருந்து ஒரு விதை வெளிய போனதில்லீங்க. இதப் பெருமைக்குச் சொல்லல. கேட்டீங்க, சொன்னேன்.

இப்ப எங்க போறேன்னா, காங்கேயத்துக்கு. மச்சான் அங்க தேங்கா ஒடைச்சுக் காயப்போடற களம் போட்டிருக்கறாரு. என்ற சம்சாரம் சாந்தாமணி அங்க போயி ஒரு மாசமாச்சு. கூட்டியாரப் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியல. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கை நீட்டுனதில்ல, குடிக்கறதில்ல, யார வேணா கேட்டுப் பாருங்க. ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பையத் தூக்கிட்டுப் போயிட்டா. அதுவும் சரியான வார்த்தைங்க, தப்பே இல்லாத வார்த்தை.

அந்த வார்த்தையச் சொல்லோணும்னா எங்க பாஷையக் கொஞ்சம் சொல்லோணும். எங்களுக்குள்ள 'நம்முளுது'ன்னு ஒண்ணு சொல்வோம். குடிலுக்குள்ள இருக்கற தக்காளி நம்முளுது. சந்தைத் தக்காளி நம்முளுது இல்ல. வெளிய எங்கயாவது சந்தேகமா ஒரு செடியப் பாத்தா எலையப் பறிச்சு லேப்புக்கு அனுப்புவோம். ரிசல்ட் வந்ததும் எங்க பிலோமினா மேடம், அவங்கதான் தலைமை விஞ்ஞானி, மொதக் கேள்வி அதைத்தான் கேப்பாங்க. "என்ன வெள்ளியங்கிரி, நம்மளுதா?" "இல்லீங்க மேடம், நம்முளுது இல்ல." அப்படின்னா நல்ல சேதி. எல்லாரும் டீ குடிக்கப் போலாம். நம்முளுதுன்னு வந்தாத்தான் ஆபத்து. திட்டத்தையே மூடிருவாங்க, என்ற வேலையும் போயிரும், இருக்கற குவாட்டர்ஸும் போயிரும். அதனால அந்த வார்த்தைய நாங்க எப்பவுமே 'இல்ல'யோட சேத்துத்தான் சொல்றது. இத்தனை வருசத்துல 'நம்முளுதுதான்'னு நான் சொன்னதே கெடையாது.

குவாட்டர்ஸ் குடிலுக்கு ரொம்பப் பக்கமுங்க. அதனால அங்க குடியிருக்கறவங்க யாரும் தக்காளிச் செடி வெக்கப்படாது. தேனீயோ வண்டோ இங்க உக்காந்து அங்க உக்காந்தா மகரந்தம் மாறிப்போகுமில்லீங்களா. சமையலுக்கு வாங்கற தக்காளிகூட, மிச்சம் மீதி, அழுகுனது, எல்லாம் மூடி வெச்ச டப்பாவுலதான் போடோணும். ஊட்டுக்குப் பின்னால பொடக்காணில வீசப்படாது. எங்க டிரைவர் ஒருத்தர் ரிட்டயர்டு ஆகப்போற சமயம், ஆசைக்குத் தொட்டில ஒண்ணு வெச்சிருந்தாரு. நான்தான் போயிப் புடுங்குனேன். அவரு சம்சாரம் இப்பவும் என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கும். நான் என்ன பண்றது? சட்டம் நான் போட்டதில்ல.

என்ற பொண்ணுக்குத் தக்காளின்னா உசுருங்க. மத்த கொழந்தைக மாம்பழம் கேக்கும், திராட்சை கேக்கும். இவளுக்குத் தக்காளிப்பழத்தத் துண்டு போட்டு மேல சர்க்கரை தூவிக் குடுக்கோணும். ஸ்கூலுக்கும் அதேதான், ஸ்நாக்ஸ் டப்பாவுல. ஊட்ல தின்னா நான் பக்கத்துலயே நிப்பேன். "வட்டலுக்கு மேல குனிஞ்சு தின்னு அம்மிணி, விதை கீழ சிந்தப்படாது." அவளும் குனிஞ்சுதான் தின்பா. பேரு தாரணி. ஊட்ல அம்மிணி.

குறும்புக்காரிங்க. நான் வேலை முடிஞ்சு வந்தா வாசக்கதவுகிட்ட கைய நீட்டி மறிச்சு நிக்கும். "நில்லுங்கப்பா. மொதக் கதவு சாத்துனாத்தான் அடுத்த கதவு." நான் வெளிக்கதவச் சாத்தி, தாப்பாள் போட்டு, அவகிட்ட கையத் தூக்கிக் காட்டி, செருப்ப ஒதறிட்டு நின்னாத்தான் உள்ள உடுவா. ஒருநாள் அவசரத்துல அப்படியே நொழைஞ்சுட்டேன். அன்னைக்குப் பூரா என்ற கூடப் பேசல.

இருக்கறாளான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. போன ஐப்பசில போயிட்டா. அஞ்சாவது படிச்சிட்டிருந்தா. டெங்கு.

மழை விடாமப் பேஞ்சிட்டிருந்த சமயம். ஸ்கூல்ல இருந்து வரும்போதே உடம்பு சூடு. ஆஸ்பத்திரி போனோம், ரத்தம் எடுத்தாங்க. நெகட்டிவ்னு வந்துச்சு. சாந்தாமணி அங்கயே சாமி கும்புட்டா. ஊட்டுக்கு வந்துட்டோம். காச்சலும் விட்டுருச்சு. காச்சல் விட்டதுக்கப்பறம்தான் அது வேலையக் காட்டும்னு எங்களுக்கு யாருங்க சொன்னா? மறுபடி தூக்கிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போச்சு.

சொந்தக்காரங்க வரோணும்னு ஒரு நாள் பூரா ஊட்லதான் வெச்சிருந்தோம், ஃப்ரீசர் பெட்டில. எல்லாரும் அழுதாங்க. நான் அந்தப் பெட்டி மேல இருக்கற டிகிரியப் பாத்துட்டு நின்னனுங்க. ஏறுதா எறங்குதான்னு. வேணும்னு பண்ணல. எங்க வேலைல அப்படித்தான், எந்தப் பெட்டியப் பாத்தாலும் மொதல்ல டிகிரியப் பாப்போம். சாந்தாமணிக்கு அந்த மிஷின் சத்தம் ஆகல. அணைங்க அணைங்கன்னு கத்துனா. அணைச்சா எப்படிங்க? அணைக்கக்கூடாதுன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன்.

எனக்கு அழுகை வரல. இப்பவும் வரல. பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்டா கன்னம் இருக்கும், தொட்டா அடுத்தவன் கன்னத்தத் தொட்ட மாதிரி இருக்குமில்லீங்களா, அந்த மாதிரி. காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். செடிகளுக்கு நம்ம ஊட்டுச் சேதியெல்லாம் தெரியாதுங்களே, தண்ணி விடோணும். ஷாஜகான் பாய் எனக்கு அடுத்த ஷிப்டு. அவரு ஊட்டுக்குப் போங்க போங்கன்னு தள்ளுனாரு. நான் அவரு ஷிப்டையும் சேத்துப் பாத்தேன். அங்க எல்லாம் அதது அததோட எடத்துல இருக்குமுங்க. கதவு சாத்துனா சாத்துன சத்தம் கேக்கும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

ஸ்கூல் பை ரொம்ப நாள் ஆணிலயே தொங்குச்சு. நான் தொடல. சாந்தாமணியும் தொடலைன்னு நினைச்சேன்.

மாசிக்கு மேல சாந்தாமணி கொஞ்சம் தேறுன மாதிரி தெரிஞ்சுதுங்க. சோறு தின்னா. தலை சீவுனா. நான் வரும்போதெல்லாம் பொடக்காணிப் பக்கம் அவ பேச்சுச் சத்தம் கேக்கும். துணி தொவைக்கற கல்லு அங்கதான் இருக்குது. பக்கத்து ஊட்டுக்காரம்மாகூட நாயம் பேசறா போலன்னு விட்டுட்டேன். பேசட்டும், நல்லதுதானேன்னு. எட்டிப் பாக்கலாமில்லன்னு நீங்க கேக்கலாம். எட்டிப் பாத்தா பேச்ச நிறுத்திருவாளோன்னு பாக்கல. பக்கத்து ஊடு காலியா இருந்துச்சுங்கறதே எனக்கு அப்ப ஞாபகத்துல இல்ல.

பங்குனில கமிட்டி வர்றதா இருந்துச்சு. டெல்லில இருந்தெல்லாம் வருவாங்க, குடிலச் சுத்திப் பாக்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நாங்க சுத்துவட்டாரம் பூரா நடந்து பாத்துரோணும், எங்கயாவது தக்காளி மொளைச்சிருக்குதான்னு. யாரும் நடாம, யாரும் கூப்புடாம, தானா வந்து மொளைச்சு நிக்கற செடிக்கு எங்க பாஷைல வாலண்டியர்னு பேருங்க. கூப்புடாமயே பந்திக்கு வந்தவன் மாதிரி. அதைத்தான் தேடோணும். நானும் ஷாஜகான் பாயும் வேலியோரம், சாக்கடையோரம், மெஸ்ஸுக்குப் பின்னாடி, எல்லா ஊட்டுப் பொடக்காணியும் பாத்துட்டு வந்தோம். கடைசில எங்க ஊடு. பாய் சொன்னாரு, "ஒங்க ஊட்ல என்னத்தப் பாக்கறது, வாங்க டீ குடிக்கலாம்"னு. அப்படி விடலாமுங்களா? நம்ம ஊடுன்னு விட்டா ஊருக்குச் சொல்ல வாய் இருக்குமா?

தொவைக்கற கல்லுக்குப் பின்னால, தண்ணி போற வாய்க்கா ஓரம், ஒரு ஓட்டை பக்கெட்டு நின்னுட்டிருந்துச்சு. அடி இல்லாத பக்கெட்டு. அதுக்குள்ள இருந்து தக்காளிச் செடி. முட்டி ஒசரம். ஒரு குச்சி நட்டு, ரிப்பன் துணி கிழிச்சுக் கட்டியிருந்துச்சு. பூ விட்டிருந்துச்சு. ஒரே ஒரு காய், பச்சையா, கோலிக்குண்டவிடக் கொஞ்சம் பெருசு.

எனக்கு மானமே போச்சுங்க. என்ற ஊட்ல. பாய் முன்னாடி. ஊர்ப்பட்ட செடியப் புடுங்குனவன் நானு. அதவிட ஒரு பயம். நான்தானுங்க தெனமும் உள்ள போயிட்டு வர்றவன். என்ற முடியில, நகத்துல, எதுலயாவது ஒரு விதை ஒட்டிட்டு வந்து, இங்க குளிச்ச தண்ணில போயி மொளைச்சிருந்தா? அப்ப அது நம்முளுது. அப்ப வெளிய உட்டவன் நானேதான்.

சாந்தாமணி சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னா. கைல கரண்டி. நான் பூவெல்லாம் மூடற மாதிரி செடி மேல கவரப் போட்டேன், அதுதான் முறை. மண்ண நனைச்சேன். அவ சொன்னா, "ஏனுங்க, அதை உட்ருங்க."

"உடறதுக்கில்ல சாந்தாமணி. உனக்குத் தெரியாததா?"

"காய மட்டுமாவது."

"காயத்தான் மொதல்ல எடுக்கோணும். விதை அதுலதான இருக்குது."

 என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரோசனை பண்ணியிருப்பனுங்க. சொல்லோணுமில்ல? எல்லாத்தையும் மனுசன் தானாக் கண்டுபுடிக்க முடியுமா? வேரோட வந்துச்சு. சுத்தியிருந்த மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தேன். பக்கெட்டு, குச்சி, அந்த ரிப்பன், எதையும் விடல. ரெட்டைப் பை. ஷாஜகான் பாய் புடிச்சுக்கிட்டாரு. அவரு என்ற மூஞ்சியவே பாக்கல. லேப்புக்கு ரெண்டு எலையப் பறிச்சு வெச்சுக்கிட்டு, மத்தத அன்னைக்கே ஆட்டோகிளேவ்ல போட்டாச்சு. மூடியத் தொறந்தா கீரை கடைஞ்ச மாதிரி கெடந்துச்சு.

மேடத்துகிட்ட நானே போயிச் சொன்னேன். அவங்க சத்தம் போடல, அதான் இன்னும் பயமாப் போச்சு. "ரிசல்ட் வரட்டும் வெள்ளியங்கிரி. நம்மளுதா இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இல்லைன்னா அது எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லணும்"னாங்க. எங்க இருந்து வந்துச்சு? எனக்கு எப்படித் தெரியும்?

ஊட்டுக்கு வந்து சாந்தாமணியக் கேட்டேன். தக்காளி எதாவது அங்க வீசுனியா? பழக்குப்பை எதாவது கொட்டுனியா? சமைச்சதுல இருந்து வராது, வெந்த விதை மொளைக்காது, பச்சையாத்தான் விழுந்திருக்கோணும், ரோசிச்சுப் பாரு, ரோசிச்சுப் பாருன்னு. திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவ எந்திரிச்சுப் போயி ஆணில தொங்குன பையில இருந்து ஒரு டப்பாவ எடுத்தாந்து என்ற முன்னாடி வெச்சா. ரோஸ் கலரு மூடி, முயல் படம் போட்டது. அம்மிணியோட ஸ்நாக்ஸ் டப்பா.

காச்சலோட வந்த அன்னைக்கு அவ ஸ்நாக்ஸ் திங்கலைங்க. தக்காளி அப்படியே இருந்திருக்குது. பை ஆணிலயே தொங்குனதுல யாரும் தொறக்கல. மார்கழில எப்பவோ சாந்தாமணி தொறந்திருக்கறா. பூசணம் புடிச்சுக் கெடந்திருக்குது. சமையக்கட்டுத் தொட்டில கழுவ மனசு வரல அவளுக்கு. தொவைக்கற கல்லுல வெச்சுக் கழுவியிருக்கறா. அந்தத் தண்ணி போன எடத்துல மொளைச்சிருக்குது. அதுக்குத்தான் அவ பக்கெட்டு வெச்சு, குச்சி நட்டிருக்கறா.

அந்த டப்பாவப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? நான் மறைக்காமச் சொல்றேன். போன உசுரு வந்த மாதிரி இருந்துச்சுங்க. காரணம் கெடைச்சுருச்சு. நான் கொண்டு வரல. குடில்ல இருந்து வரல. உடனே மேடத்துக்கு போனப் போட்டேன். "மேடம், தெரிஞ்சு போச்சுங்க, ஸ்நாக்ஸ் டப்பா கழுவுன தண்ணி"ன்னு. அவ முன்னாடியேதான் பேசுனேன். ஒளிச்சுப் பேசறதுக்கு அதுல என்னங்க இருக்குது?

 மேடம், "யாரோட டப்பா?"ன்னாங்க. சொன்னேன். "சரி, போன வெச்சிருங்க"ன்னாங்க.

ஒரு வாரம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. நெகட்டிவ். மொத்த லேப்பும் சந்தோசப்பட்டுச்சுங்க. ஒருத்தர் சமோசா வாங்கியாந்தாரு. ஷாஜகான் பாய் மட்டும் சமோசாவக் கைல வெச்சுக்கிட்டே நின்னாரு. நான் அன்னைக்கு ஷிப்டு பாக்கல. நேரா ஊட்டுக்குப் போனேன். பாவம், அவளும் இந்த ஒரு வாரமாப் பயந்துட்டுத்தான இருப்பா, ஊடு போயிருமோ வேலை போயிருமோன்னு? அவ பேசாம இருந்ததுக்கு அதான் காரணம்னு நினைச்சேன். வாசல்ல செருப்பக்கூடக் கழட்டல. வெங்காயம் அரிஞ்சிட்டு உக்காந்திருந்தா.

"சாந்தாமணி, நெகட்டிவ்னு வந்துருச்சு. பயப்படாத. அது நம்முளுது இல்ல"ன்னேன்.

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. அந்த ஒரு வார்த்தைதான்.

அவ அருவாமனைய ஓரமா வெச்சா. கையக் கழுவுனா.  எனக்கு சோறு போட்டா. காலைல நான் வேலைக்குப் போயிட்டு வந்தா ஊடு பூட்டியிருக்குது. அவ துணி ஒரு பையி, அந்த ரோஸ் கலரு டப்பா, அது ரெண்டும்தான் காணோம். ஊடு கூட்டிச் சுத்தமா இருந்துச்சு.

போன் பண்ணுனா எடுக்கறதில்ல. மச்சான்தான் எடுப்பாரு. நல்ல மனுசன், அதிர்ந்து பேச மாட்டாரு. போன வாரம் அவரே கூப்புட்டாரு. "மாப்பள, வந்து கூட்டிட்டுப் போங்க. அது பாட்டுக்குக் களத்துல தேங்காய்க்குக் காவலுக்கு உக்காந்திருக்குது. கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. நம்முளுது இல்லைன்னு சொல்லிட்டாருண்ணா, அப்படிங்குது."

நான் அவருக்கு வெளக்கமாச் சொன்னனுங்க. மச்சான், எங்க ஆபீஸ்ல நம்முளுதுன்னா இதான் அர்த்தம், நம்முளுது இல்லைன்னா இதான் அர்த்தம், நெகட்டிவ்னா நல்லது, பாசிட்டிவ்னா கெட்டதுன்னு. முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, "அதெல்லாம் சரிங்க மாப்பள. அந்தச் செடி யாருது?"ன்னாரு. நான், "டப்பாவுல இருந்த தக்காளிதானுங்க, சந்தைத் தக்காளி"ன்னேன். போன வெச்சுட்டாரு. இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீங்களே சொல்லுங்க. சந்தைத் தக்காளிதான அது?

முடிச்சுட்டீங்களா? குடுங்க அந்தக் கவர. இப்படி அமுத்தி மூடிரோணும். நானே கொண்டு போயிப் போட்டுக்கறேன், எனக்கு ஒண்ணும் செரமமில்ல. அவிநாசிபாளையம் தாண்டிட்டமா? அப்ப காங்கேயம் பக்கந்தான்.

என்ன சொல்லிக் கூப்புடப் போறன்னா? வெச்சிருக்கறனுங்க, ஒரு நல்ல சேதி வெச்சிருக்கறேன். மச்சானுக்குக்கூடச் சொல்லல. எங்க வழக்கத்துல சந்தேகச் செடின்னு எதை எடுத்தாலும், நெகட்டிவ்னு வந்தாலும்கூட, அந்த எலைல கொஞ்சம் எடுத்துப் பத்திரமா வெச்சிருப்பாங்க. பின்னால யாராவது கேள்வி கேட்டா காட்டறதுக்கு. சின்னக் குழாயில போட்டு, நம்பர் எழுதி. வருசக்கணக்குல அப்படியே இருக்கும், ஒண்ணும் ஆகாது. நான் போயிப் பாத்துட்டு வந்தேன். இருக்குதுங்க. அதைத்தான் சொல்லப் போறேன். சாந்தாமணி, எல்லாமே போயிரல, நம்ம அம்மிணி செடி இன்னும் இருக்குது, நான் ஃப்ரீசர்ல

...

ஒண்ணுமில்லீங்க. தண்ணி வெச்சிருக்கறீங்களா? ஒரு வாய் குடுங்க.

இல்லீங்க, அந்தப் பேச்சு வேண்டாம். ஃப்ரீசர்ங்கற வார்த்தையே அவகிட்ட வேண்டாம். அந்த மிஷின் சத்தத்துக்கு எப்படிக் கத்துனா. நான் அணைக்க உடல பாருங்க. நல்லவேளை, உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். நேரா அவ முன்னாடி போயிச் சொல்லியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே வேற சொல்லியிருப்பேன்.

அப்பறம் என்னதான் சொல்றது?

இருக்கறது ஒண்ணுதானுங்க. செடி யாருதுன்னு மச்சான் கேட்டாரே, அதுக்குப் பதில். இன்னைக்குக் காலைல குளிக்கும்போது சொல்லிப் பாத்தேன். பல்லடம் வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிட்டு வந்தேன். அது நம்முளு... பாருங்க, 'இல்ல'ன்னுதான் வருது. அங்க கொண்டு போயி நிறுத்துது. அந்த வார்த்தைய முழுசாச் சொன்னா வேலை போயிரும், ஊடு போயிரும்னு பயந்து பயந்தே நாக்கு பழகிப்போச்சு. இப்ப ஊட்லயும் வர மாட்டீங்குது.

நீங்க ஒருக்காச் சொல்லுங்களேன். தப்பா நினைக்காதீங்க. அடுத்தவங்க வாய்ல இருந்து கேட்டா எனக்குப் புடிபடும். சாந்தாமணி பேரெல்லாம் வேண்டாம். அது நம்முளுதுதான், அவ்வளவுதான். 'இல்ல' வரப்படாது. அங்கயே நிறுத்திரோணும்.

சொல்லுங்க.

ம்.

அப்படித்தானுங்க. அவ்வளவு மெதுவாத்தான் சொல்லோணும். கண்டக்டர் எந்திரிக்கறாரு பாருங்க. ஸ்டாப்பு வர்றதுக்குள்ள இன்னொருக்காச் சொல்லுங்க.